கருதப்பட்டவர்களும் கருதுகிறவர்களும்

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களுக்கு ஆங்கிலம் புதிய மொழியல்ல. கோப்பிக் காலத்தில் வந்தது. தேயிலையோடும் றப்பரோடும் நிலைத்தது. மாறியிருப்பது, அந்த மொழியின் எந்தச் சொல் யார் கையில் இருக்கிறது என்பதுதான். அன்று தொழிலாளியிடம் வந்து சேர்ந்தவை பெரும்பாலும் பெயர்ச்சொற்கள். தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லைன் லயமாயிற்று. வேலைநாள் பதிவேடான செக்ரோல் செக்ரோலாகவே நின்றது. தொழிற்சாலை 'ஸ்டோரு' ஆனது. கண்டக்டரும் டீமேக்கரும் பெயருக்குப் பின்னால் ஓர் 'ஐயா'வைச் சேர்த்துக்கொண்டு தமிழுக்குள் குடியேறினார்கள். வினைச்சொற்கள் மட்டும் பங்களாவையும் ஆபீசையும் விட்டு இறங்கவில்லை. அவற்றிலும் ஒரு குடும்பத்து வினைகள் லயத்துப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை: அஸ்யூம், பிரிசியூம், சப்போஸ், டீம். நிரூபிக்காமலே ஒன்றை உண்மையென எடுத்துக்கொள்ளும் வினைகள் இவை.

இன்று அந்தத் தோட்டங்களின் பிள்ளைகள் இந்த வினைகளை உயர்தர வகுப்பின் ஆங்கிலக் கொப்பியில் எழுதிப் பழகுகிறார்கள். இதை ஒரு மொழிப்பாட முன்னேற்றம் என்று மட்டும் சொல்லி நகர என்னால் முடியவில்லை. ஏனெனில் அவர்களுடைய பாட்டன் பாட்டிமாரின் வீடும் வாக்கும் குடியுரிமையும் இதே வினைகளால் தீர்மானிக்கப்பட்டவை. அன்று அவர்கள் அந்த வாக்கியங்களில் செயப்படுபொருளாக இருந்தார்கள்.

அக்காலத்தில் மொழி கற்க வேண்டியிருந்தது தோட்டத்தை நடத்திய துரைக்குத்தான். சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த மாகாணமாக இருந்தாலும் தோட்ட எல்லைக்குள் வேலை தமிழில்தான் நடந்தது. கப்பலில் வந்திறங்கிய சின்னத்துரைமாருக்காக ஏ. எம். பெர்குசன் தொகுத்த தமிழ்க் கையேட்டின் தலைப்பே 'இங்கே வா' என்பது. பின்னர் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய நூல் 'கூலித் தமிழ்' என்றே பெயர் பெற்றது. கொழுந்து எடு, முள்ளுக் குத்து, கான் வெட்டு, சீக்கிரம் வா: துரைக்கு வேண்டியது இவ்வளவே. இதில் வயதுக்கு மரியாதை இல்லை. ஆணென்றும் பெண்ணென்றும் வேறுபாடு இல்லை. ஏவல் வினைக்கு ஊகம் தேவைப்படுவதுமில்லை. ஊகிப்பது, சந்தேகிப்பது, ஒருவேளை என்று யோசிப்பது எல்லாம் துரையின் சொந்த மொழியில், பங்களாவின் விறாந்தையில் நடந்தன. தொழிலாளியைப் பற்றி அங்கே என்ன நினைக்கப்பட்டது என்பது, நினைத்து முடித்த பிறகு ஒரு கட்டளையாக மட்டுமே மலையிறங்கி வந்தது.

அந்த வினைகளைச் சற்றுப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் 'கருது', 'ஊகி', 'அனுமானி' என்றே கிடைக்கும். ஆனால் எடை வேறு. 'அஸ்யூம்' என்றால் கையில் சான்று எதுவும் இல்லை. ஆனாலும் ஒன்றை உண்மையென எடுத்துக்கொண்டு அதன்மேல் அடுத்த காரியத்தைத் தொடங்குகிறோம். 'பிரிசியூம்' என்பதிலும் முழுச் சான்று இல்லை. ஆனால் அப்படி நம்ப ஓர் அடிப்படை உண்டு. மறுத்து ஒருவர் நிரூபிக்கும்வரை அது நிற்கும். சட்டம் இந்தச் சொல்லைத் தனக்கென எடுத்துக்கொண்டதன் காரணம் இதுதான். இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம், நீதிமன்றம் எதை ஊகிக்கலாம், எதை ஊகித்தே ஆகவேண்டும் என்று தொடக்கப் பிரிவுகளிலேயே வகுத்துவைத்திருக்கிறது. 'சப்போஸ்' இவை இரண்டையும்விட மென்மையானது. பாதி நம்பிக்கை, பாதி தயக்கம். 'என்று வைத்துக்கொள்வோம்' என்று தமிழில் சொல்வோமே, அந்த இடத்திலும் அதுவே வந்து நிற்கும். கடைசிச் சொல்லான 'டீம்' உண்மையில் ஊகமே அல்ல. பழைய ஆங்கிலத்தில் அதற்குத் தீர்ப்பளித்தல் என்று பொருள். நடந்தது எதுவாக இருந்தாலும் இப்படித்தான் கொள்ளப்படும் என்ற ஆணை அது.

தமிழ் இந்த வேலையை வாக்கியத்தின் வாலில் முடித்துவிடும். 'மழை வரும் போல.' 'கங்காணி போயிருப்பாரு.' 'அப்பாயிக்கு ஒரு எழுபது இருக்கும்.' ஊகிப்பவர் யார் என்று சொல்லவேண்டிய அவசியம் இந்த வாக்கியங்களில் இல்லை. ஆங்கிலமோ 'ஐ' என்று ஆளை முன்னால் நிறுத்திவிட்டுத்தான் ஊகத்தைத் தொடங்குகிறது. அல்லது ஆளையே மறைத்து 'கருதப்படும்' என்று செயப்பாட்டு வினையில் முடிக்கிறது. முதல் வடிவம் பங்களாவில் வழங்கியது. இரண்டாவது வடிவம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. தோட்டத்து மக்களைத் தொட்டதெல்லாம் அந்த இரண்டாவது வடிவம்தான்.

ஊகிக்கத் தெரியாதவர்களல்லர் அவர்கள். றப்பர் தோட்டத்தின் விடியற்காலை முழுவதும் ஊகம்தான். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு மழை கொட்டினால் சிரட்டையில் சேர்ந்த பால் தண்ணீரோடு போய்விடும். எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்தில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆகவே இருட்டோடு எழுந்து வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பதே நாளின் முதல் வேலை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, மலையுச்சியில் மூட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, இராத்திரி பெய்த மழையில் மரத்துத் தண்டு எந்த உயரம்வரை ஈரமாக இருக்கிறது. விரலால் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, 'ஒம்பது மணி வரைக்கும் தாங்கும்' என்பார் பழைய வெட்டுக்காரர். அந்த ஒரு சொல்லில் அன்றைய பேர், அதாவது நாட்கூலிக் கணக்கு, அடங்கியிருந்தது. முழுப்பேரா, அரைப்பேரா, பேரே இல்லையா என்பதைச் செக்ரோல் பிறகு எழுதிக்கொள்ளும். இதைவிட அடிப்படையுள்ள ஊகத்தை எந்த நீதிமன்றமும் செய்ததில்லை என்று துணிந்து சொல்வேன். ஆனால் அவருடைய ஊகத்துக்கு மதிப்பு மரத்தடியோடு சரி. அவரைப் பற்றி மற்றவர்கள் செய்த ஊகங்களுக்கோ சட்டத்தின் பலம் இருந்தது.

துண்டு என்று ஒன்று இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகும் தொழிலாளியின் கடன் எவ்வளவு, அதைக் கட்டினால் அவரை விடுவிப்போம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. அந்தச் சீட்டு இல்லாதவர் ஓடிவந்தவர் என்றே எடுத்துக்கொள்ளப்பட்டார். வேறு துரை வேலை கொடுக்கமாட்டார். 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஊகம் ஒழியவில்லை. அது தோட்டத்து ஆபீசிலிருந்து நாட்டின் சட்டப் புத்தகத்துக்கு இடம்பெயர்ந்தது. அந்தச் சட்டங்களின் கீழ் நடந்த இரண்டு வழக்குகள் கேகாலை மாவட்டத்துக்குச் சொந்தமானவை. இரண்டும் அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டனின் பிரிவிக் கவுன்சில் வரை சென்றவை.

முதலாவது நேவ்ஸ்மயர் தோட்டத்து வழக்கு. கிராம விஸ்தரிப்புக்கென்று அரசாங்கம் அந்தத் தோட்டத்தைச் சுவீகரித்தது. அங்கே வேலை செய்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறச் சொல்லி அறிவித்தல் கொடுத்தது. அவர்கள் தங்கள் லயத்து அறையான காம்பராவை விட்டுப் போக மறுத்தார்கள். 1946 ஜூனில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் நடத்திய வேலைநிறுத்தம் இதன் பொருட்டு எழுந்ததே; ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டத் தொழிலாளர் அதில் இறங்கினார்கள். போக மறுத்தவர்கள் மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடுக்கப்பட்டது. அந்தக் குற்றத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: காணியை வைத்திருப்பவரை அச்சுறுத்தவோ அவமதிக்கவோ தொந்தரவுபடுத்தவோ வேண்டும் என்ற நோக்கம் இருக்கவேண்டும். காம்பராவில் தொடர்ந்து குடியிருந்தவருக்கு அப்படியொரு நோக்கம் எங்கே இருந்தது? இந்த இடத்தில்தான் ஆங்கிலச் சட்டத்தின் பழைய ஊகம் ஒன்று உதவிக்கு வந்தது. ஒருவர் தன் செயலின் இயல்பான விளைவை விரும்பியே அதைச் செய்தார் என்று கொள்ளலாம் என்பது அந்த ஊகம். வெளியேறாவிட்டால் பொறுப்பாளருக்குத் தொந்தரவு என்பது தெரியும், தெரிந்தும் இருந்தார், ஆகவே தொந்தரவு செய்யவே இருந்தார் என்பது வாதம்.

அரசர் எதிர் செல்வநாயகம் என்ற அந்த வழக்கில் பிரிவிக் கவுன்சில் 1950இல் இந்த வாதத்தை ஏற்க மறுத்தது. விளைவை முன்கூட்டி அறிந்திருப்பது வேறு, அதை நோக்கமாகக் கொள்வது வேறு என்றது. தனக்கு உரிமை இருக்கிறது என்று ஒருவர் உண்மையாகவே நம்பி ஓரிடத்தில் இருந்தால், சட்டப்படி அந்த உரிமை எவ்வளவு வலுவற்றதாக இருந்தாலும், பிறருக்குத் தொந்தரவு ஏற்படும் என்ற ஒரே காரணத்தால் அது குற்றமாகிவிடாது. ஒரு தோட்டத் தொழிலாளியின் மனத்துக்குள் என்ன இருந்தது என்பதை ஊகத்துக்கு விட்டுவிடாமல் நிரூபிக்கச் சொன்ன தீர்ப்பு அது. இன்றும் இலங்கை நீதிமன்றங்களில் அத்துமீறல் வழக்கென்றால் இந்தத் தீர்ப்பின் பெயர் அடிபடுகிறது. அந்தப் பெயர் ஒரு லயத்துக் காம்பராவிலிருந்து வந்தது என்பது தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது?

இரண்டாவது வழக்கு மூன்றே ஆண்டுகள் கழித்து முடிந்தது. அதன் முடிவு வேறு. ருவன்வெல்ல தேர்தல் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டார் கோடாகன் பிள்ளை என்பவர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், வாக்குரிமையைப் பிரசாவுரிமையோடு முடிச்சுப்போட்ட 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமும் அவருக்குக் குறுக்கே நின்றன. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஏதேனும் ஒரு சமூகத்தை மட்டும் பாதிக்கும் சட்டத்தைத் தடுத்திருந்தது. இவை அந்தப் பிரிவை மீறுகின்றன என்பது அவருடைய கட்சி. இடாப்பை மீளாய்வு செய்த அதிகாரி அதை ஏற்றார். 1951இல் உயர் நீதிமன்றம் மறுத்தது. 1953இல் பிரிவிக் கவுன்சிலும் மறுத்தது.

அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதியை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். 'அஸ்யூம்', 'பிரிசியூம்' என்ற இரண்டு வினைகளும் அங்கே அடுத்தடுத்து வருகின்றன. ஒரு சட்டமன்றம் தன் சட்டத்தின் தவிர்க்க முடியாத விளைவை விரும்பியே செய்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது முதலில்; அங்கே வருவது 'அஸ்யூம்'. உடனே, ஆனாலும் எல்லாம் முறைப்படியே செய்யப்பட்டதாக ஊகிக்க வேண்டும் என்ற லத்தீன் சட்டவாசகத்தை எடுத்து வைக்கிறது. 'பிரிசியூம்' என்பதன் வேர்ச்சொல் அதற்குள் இருக்கிறது. முன்னது கோடாகன் பிள்ளைக்குச் சாதகம், பின்னது பாராளுமன்றத்துக்குச் சாதகம். பின்னதே வென்றது. நேவ்ஸ்மயர் வழக்கில் எளியவருக்கு எதிரான ஊகம் தள்ளப்பட்டது; ருவன்வெல்ல வழக்கில் வலியவருக்கு ஆதரவான ஊகம் நிலைநிறுத்தப்பட்டது. ஒருவர் குற்றத்திலிருந்து விடுபட்டார், ஒரு சமூகத்தின் வாக்கு போயிற்று. இரண்டாவது தீர்ப்பில் முதலில் வந்த 'அஸ்யூம்' என்ற வினையை அவர்கள் முழுமையாகப் பின்தொடர்ந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். நூறாயிரக்கணக்கானோர் வாக்கிழப்பார்கள் என்பது அந்தச் சட்டங்களை இயற்றியவர்களுக்குத் தெரியாத விளைவல்ல.

அதே பிரசாவுரிமைச் சட்டத்தில் 'டீம்' வரும் இடம் ஒன்று உண்டு. பெற்றோர் யாரெனக் கண்டறிய முடியாத நிலையில், கைவிடப்பட்டுக் கிடைத்த பச்சிளங்குழந்தை, மாறாக நிரூபிக்கப்படும்வரை வம்சாவளிப் பிரசையாகவே கருதப்படும். நல்ல ஏற்பாடு, அந்தக் குழந்தைக்கு அது வேண்டியதே. ஆனால் காவத்தையிலோ இறக்குவானையிலோ லயத்தில் பிறந்து, தாயும் தகப்பனும் யாரென்று ஊருக்கே தெரிந்து, செக்ரோலில் பேர் ஏறிய ஒருவருக்கு அப்படி எதுவும் கருதப்படவில்லை. தகப்பனும் இலங்கையில் பிறந்தார் என்று, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று, பதிவுத்தாளோடு அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. தகப்பன் தெரியாத பிள்ளைக்குச் சட்டம் ஊகத்தைக் கொடுத்தது. தகப்பன் தெரிந்த பிள்ளையிடம் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரசாவுரிமை பெற்றவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். இராமேஸ்வரத்துக்கு ஒருமுறை போய்வந்ததும், ஆபீசில் பெயர் ஒருவிதமாகவும் பிறப்புப் பதிவில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்ததும் அந்த விசாரணைகளில் பெரிய விஷயங்கள். முத்தையாவும் முத்தனும் ஒரே ஆள்தான் என்று எடுத்துக்கொள்ள யாருக்கும் கடமை இருக்கவில்லை.

1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் பிரித்தது. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. எங்கே போக விரும்புவார்கள் என்பதும் அவர்களைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளப்பட்ட ஒன்றுதான். சப்ரகமுவவில் இதற்குமேல் 1977, 1981, 1983 வன்செயல்களின் சுமையும் சேர்ந்தது. தோட்டங்கள் இங்கே மலையகத்தின் நடுப்பகுதியைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கவில்லை. கிராமங்களுக்கு நடுவே தீவுகளாகச் சிதறியிருக்கின்றன. அடி விழுந்தபோது ஓடிச்சேர அடுத்த லயம் பக்கத்தில் இல்லை. பலர் வவுனியாவுக்குப் போனார்கள், பலர் தலைமன்னார் வழியாகத் தமிழ்நாட்டுக்குப் போனார்கள்.

பிறகு சட்டத்தின் நடையே மாறியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினரையும் அவர்களின் வழிவந்தவர்களையும் பிரசைகளாக்கியது. பூட்டன் பிறந்த ஊரை யாரும் கேட்கவில்லை. அன்று பல்லாண்டு விசாரணையாக நீண்ட ஒன்று இன்று ஒரு பிரகடனத்தில் முடிகிறது. ஆனாலும் வயோதிபர்களிடம் பழைய காலத்தின் ஒரு மிச்சம் இருக்கிறது. பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உத்தேச வயதுச் சான்றிதழ் அது. பிரதேச செயலகத்து மேசைக்கு முன்னால் ஒரு பாட்டி நிற்கிறார். 'எத்தனை வயசு?' 'ஒரு எழுவது இருக்கும் ஐயா. வெள்ளம் வந்த வருசம் எங்க அண்ணன் கைப்பிள்ளை, அதுக்குப் பெறகு நானு.' எழுத்தர் ஓர் ஆண்டைத் தெரிந்தெடுத்து எழுதுகிறார். பாட்டியின் 'இருக்கும்' அங்கே தாளில் உறுதியான இலக்கமாகிவிடுகிறது. அன்றைக்கு ஊகம் கதவை அடைத்தது. இன்றைக்கு அதே ஊகம் ஒரு முதியோர் கொடுப்பனவுக்குக் கதவைத் திறக்கிறது. நான் இதை முழு மனத்தோடு வரவேற்கிறேன்.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 1945இல் நாட்டுக்குக் கிடைத்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளுக்குக் கிடைக்கவில்லை. அவை தோட்ட நிர்வாகத்தின் கீழேயே நின்றன. ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. எழுத்துக் கூட்டத் தெரிந்தவுடன் பிள்ளை மலைக்குப் போய்விடும் என்பது நிர்வாகத்தின் எதிர்பார்ப்பு. பல வீடுகளின் எதிர்பார்ப்பும்கூட. ஆங்கிலம் அங்கே பாடமாக இருந்ததே அரிது. 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசாங்கம் படிப்படியாக இந்தப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. பிறகு சுவீடன், ஜெர்மன் உதவிகளோடு கட்டடமும் ஆசிரியப் பயிற்சியும் வந்தன. இன்று தோட்டத்துப் பிள்ளைக்கு ஆரம்ப வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்குகிறது. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்றொரு பாடம் தனியே இருக்கிறது. இரத்தினபுரி மாவட்டத்துக்குள்ளேயே, பெலிஹுல்ஓயாவில், 1990களில் எழுந்த சப்ரகமுவ பல்கலைக்கழகம் நிற்கிறது. அதன் விரிவுரைகள் பல ஆங்கிலத்தில்.

உயர்தர வகுப்புகளின் ஆங்கிலக் கொப்பிகளைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சி. இடைவெளி நிரப்பும் பயிற்சியில் ஒரு பிள்ளை 'பஸ் பிந்தி வரும் என்று நான்' என்ற இடத்தில் 'அஸ்யூம்' போட்டு அடித்துவிட்டு, 'பிரிசியூம்' போட்டிருக்கிறது. ஏன் அடித்தாய் என்று கேட்டால் காரணம் சொல்கிறது: 'மழை பெய்யுது மிஸ், எட்டியாந்தோட்டை ரோட்டுல மரம் விழுந்திருக்குன்னு அண்ணன் சொன்னாரு.' அடிப்படை இருக்கிறது, ஆகவே பிரிசியூம். சட்டக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கும் வேறுபாட்டை அந்தப் பிள்ளை ஒரு முறிந்த மரத்தைக் கொண்டு பிடித்துவிட்டது. 'சப்போஸ்ட் டு' என்ற தொடர்தான் இன்னும் தொல்லை கொடுக்கிறது. ஈற்றெழுத்தை விட்டு 'ஐ யாம் சப்போஸ் டு' என்று எழுதிவிடுகிறார்கள். பொருளும் குழப்பும்: அது ஊகமல்ல, ஒருவர் செய்ய வேண்டியது அல்லது செய்வார் என்று எதிர்பார்க்கப்படுவது. செயப்பாட்டு வினையின் பழைய நிழல் அந்தத் தொடரில் மட்டும் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது.

'பிரிசம்ப்சுவஸ்' என்ற பெயரடையையும் அவர்கள் படிக்கிறார்கள். தன் தகுதிக்கு மீறி ஒன்றை முன்கூட்டியே எடுத்துக்கொள்பவர். நம் வழக்கில் அதிகப்பிரசங்கி. சம்பளக் கணக்கைத் திருப்பிக் கேட்டவரும், பிள்ளையை ஊர்ப் பாடசாலைக்கு அனுப்பலாமா என்று விசாரித்தவரும் அன்று இந்தப் பெயரைத்தான் வாங்கினார்கள். இன்று அதே கேள்விகளை ஆங்கிலத்தில் கடிதமாக எழுதும் பயிற்சிக்குப் புள்ளி வழங்கப்படுகிறது.

லயத்துக்குள்ளும் ஒரு சொல் இறங்கிவிட்டது. 'சப்போஸ் மழை வந்தா', 'சப்போஸ் அவரு வரலைன்னா' என்று இளைஞர்கள் சாதாரணமாகப் பேசுகிறார்கள். தமிழில் நுழைந்ததும் அது வினையாக இருப்பதை விட்டு 'ஒருவேளை'யின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இது இலக்கணப் பிழை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நான் சுளிக்கமாட்டேன். ஒரு காலத்தில் பங்களா விறாந்தையில் மட்டும் ஒலித்த சொல் இன்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒலிக்கிறது. தன் தேவைக்கேற்ப அதை வளைத்துக்கொள்ளும் உரிமை பேசுகிறவருக்கு உண்டு.

போனவையும் இருக்கின்றன. பட்டையைத் தடவி மழையைச் சொன்ன வெட்டுக்காரரின் இடத்துக்குக் கைபேசியின் வானிலை அறிவிப்பு வந்திருக்கிறது. மரத்துக்கு மழைக்காப்புக் கட்டுவதால் ஈரநாளிலும் பால் வெட்ட முடிகிறது. வருமானத்துக்கு இது நல்லது. கண்பார்த்துச் சொல்லும் அந்த அறிவு அடுத்த தலைமுறைக்குப் போகவில்லை. பிள்ளைகளில் ஒரு பகுதியினர் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் இருக்கிறார்கள். இதைவிடப் பெரிய இழப்பு வேறு. இந்த மாகாணத்தில் தமிழர் சிறுபான்மை. உயர்தரம் வரை தமிழில் படிக்கக்கூடிய பாடசாலைகள் தூரத்தூர இருக்கின்றன. பஸ் காசும் பாதையும் பார்த்துப் பெற்றோர் பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் சேர்த்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளைக்குச் சிங்களமும் வரும், ஆங்கிலமும் ஓரளவு வரும். 'வரும் போல', 'இருக்கும்', 'போயிருப்பாரு' என்ற வால்கள் எழுத்தில் வராமலே போய்விடுகின்றன. அப்பாயியின் வயதைப் பற்றிய வாக்கியத்தை வீட்டில் கேட்டுப் புரிந்துகொள்ளும். எழுதச் சொன்னால் தடுமாறும். மூன்று மொழியில் கருதக் கற்பது ஒரு வரம். அதில் முதல் மொழி உதிர்வதைத் தடுப்பது மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கையில் இருக்கிறது. தமிழ்ப் பிரிவுகளுக்கு ஆங்கில ஆசிரியர், அதுவும் தமிழ் தெரிந்த ஆங்கில ஆசிரியர், போதுமான அளவில் வரவேண்டும்.

அப்படி வரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அஸ்யூம், பிரிசியூம் என்ற பாடத்தை நடத்தும்போது, இலண்டனிலோ நியூயோர்க்கிலோ யாரோ ஒருவர் கோப்பி குடிக்கும் உதாரண வாக்கியங்களோடு நிறுத்திவிடாதீர்கள். கேகாலையிலிருந்து போன இரண்டு வழக்குகளையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். உயர்தர மாணவர் அகராதியோடு உட்கார்ந்தால் வாசிக்கக்கூடிய ஆங்கிலம்தான்; கடினமான இடங்களை நீங்கள் தமிழில் விளக்கலாம். அரசர் எதிர் செல்வநாயகம் இலங்கையின் புதிய சட்ட அறிக்கைகளில் 51ஆம் தொகுதி, 470ஆம் பக்கத்திலும், கோடாகன் பிள்ளை எதிர் முதநாயக்க 54ஆம் தொகுதி, 433ஆம் பக்கத்திலும் இருக்கின்றன.